கால் மறைத்த துணியும் கண் திறந்த கல்வியும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

படைவீரர்கள் முற்காலத்தில் அணிந்த காலுடைகளைப் பற்றி, அவற்றின் நிறத்தையும் துணியையும் பற்றி, நான் இன்று பேச வந்திருக்கிறேன். வெள்ளி விழா மேடையில் காற்சட்டையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் வாழும் மண் நெசவு மண். வெள்ளகோவிலில் விசைத்தறியின் ஓசை கேளாத தெருவைக் காண்பது அரிது. திருப்பூருக்குச் சென்றாலோ பின்னலாடைத் தொழில் நம் இளைஞர் பல்லாயிரவரைக் காலையில் வாங்கிக்கொண்டு இரவில் திருப்பி அனுப்புகிறது. பாவு எது, ஊடை எது, சாயம் நிற்குமா நில்லாதா என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் துணியைத் தொட்ட அளவில் சொல்லிவிடுவர். ஆனால் எந்தத் துணியை எவர் உடுத்தலாம், அது காலில் எவ்வளவு நீளம் வரலாம் என்று முடிவு செய்தவர் யார் என்னும் கேள்வியை நாம் போதிய அளவு கேட்டதில்லை. அக்கேள்விக்குப் படைவீரரின் காற்சட்டை தெளிவான விடை தருகிறது. ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முழங்கால் என்னும் எல்லைக்கோடு

முதலில் நம் நிலையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கலாகாது, தோளில் துண்டு கிடக்கலாகாது, ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்கலாகாது என்றெல்லாம் இருந்த கட்டுப்பாடுகளை நம் முதியோர் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறோம். இவை வெறும் வாய்மொழி அல்ல. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் என்பார், இந்தியச் சாதி முறையைப் பற்றி எழுதிய நூலில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது விதித்த தடைகளைப் பட்டியலிட்டுப் பதிவு செய்துள்ளார். 1930 டிசம்பரில் எட்டுத் தடைகள். 1931 சூனில் பதினொரு தடைகள். ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி அணியக்கூடாது; சட்டையும் பனியனும் கூடாது; குடையும் செருப்பும் கூடாது என்று முதற்பட்டியல் கூறுகிறது.

இரண்டாம் பட்டியலிலும் முழங்காற் கட்டுப்பாடு மறவாமல் இடம்பெறுகிறது. அதனோடு மற்றொன்றும் சேர்கிறது. ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுத்தறிவு பெறக்கூடாது. அவர்கள் நிலவுடைமையாளரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பதே அது. அன்பர்களே, இவ்விரண்டு தடைகளும் ஒரே பட்டியலில் நிற்பதை எண்ணிப் பாருங்கள். காலை மூடாதே, கண்ணைத் திறவாதே என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். துணியும் எழுத்தும் ஒரே பூட்டின் இரண்டு சாவிகள் என்பதை நம்மை அடக்கியவர்கள் நம்மினும் நன்கு அறிந்திருந்தார்கள்.

இந்தப் பின்னணியை மனத்திற்கொண்டு படைவீரரின் காலுடைக்கு வருவோம்.

சல்லடம் முதல் நீளக் காற்சட்டை வரை

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் உள்நாட்டுச் சிப்பாய்களைக் கொண்டு முறையான படையை அமைக்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். 1748இல் பொறுப்பேற்ற ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் அதற்கு வித்திட்டவர் என்பர். அன்றைய சிப்பாயின் உடை விந்தையான கலப்பு. மேலே ஆங்கிலேயரின் சிவப்புக் கம்பளிச் சட்டை, தலையில் உருமால், இடுப்பில் கச்சு, கீழே முழங்காலுக்கு மேல் நின்றுவிடும் வெள்ளைப் பருத்திச் சல்லடம். சல்லடத்தின் விளிம்பில் நீல நிறத்தில் பல்வரிசை போன்ற கரை ஓடும். தொடையின் கீழ்ப்பகுதி தொட்டுப் பாதம் வரை வெறுங்கால். அதன் கீழே செருப்பு.

மேற்சட்டையின் கம்பளி இங்கிலாந்திலிருந்து வந்தது. சல்லடத்தின் பருத்தி நம் நாட்டுத் தறியில் நெய்யப்பெற்றது. கரையின் நீலம் அவுரிச் செடி தந்தது. அவுரிச் சாயம் தமிழகத்தில் பெருமளவில் காய்ச்சப்பட்டு ஏற்றுமதியான காலம் அது. ஆக, அயல்நாட்டான் படைவீரனின் மார்பைத் தன் துணியால் மூடினான். காலுக்கு நம் துணி அரைமுழம் போதும் என்று விட்டுவிட்டான்.

இவ்வுடை இலவசமாகத் தரப்பட்டது என எவரும் எண்ணிவிட வேண்டா. வீரர்களின் ஊதியத்திலிருந்து உடைக்கெனத் தொகை பிடித்தம் செய்யப்பட்டது. அப்பிடித்தத்தில் மிஞ்சியது படையின் மேலதிகாரிகளுக்குச் சேரும் வழக்கமும் நெடுங்காலம் நிலவியது. சிப்பாய் தன் காலுடைக்குத் தானே விலை கொடுத்தான். அதன் நீளத்தையும் நிறத்தையும் தீர்மானித்தவன் வேறொருவன்.

உடை என்பது உயிர்ப் பிரச்சினையாக மாறவும் கூடும் என்பதை 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டை உலகுக்குக் காட்டியது. தோற்குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகை, தாடி மழிப்பு, நெற்றிக்குறி அழிப்பு என்ற ஆணைகள் அக்கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் முன்னிற்பவை. நூற்றுக்கணக்கானோர் உயிர் துறந்தனர். தலையில் வைக்கும் துணிக்காகப் படையே வெகுண்டெழுந்தது என்றால், உடை அற்பப் பொருள் அன்று என்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சல்லடம் மறைந்து, கணுக்கால் வரை நீளும் காற்சட்டை வந்தது. கோடையில் வெண்ணிறப் பருத்தி. குளிரிலும் அணிவகுப்பிலும் கருநீலக் கம்பளி. சென்னைச் சுரங்கப் படையினர் சிவப்பு மேற்சட்டையும், பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஓடும் கருநீலக் காற்சட்டையும் அணிந்தனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியக் காலாட்படைகள் பலவற்றில் முழங்காலுக்குக் கீழே கட்டப்படும் தொளதொளத்த கருநீலக் காற்சட்டையும், அதன்கீழ் வெள்ளைத் துணிக் காலுறையும் வழக்கில் இருந்தன.

சென்னைப் படையில் நம் மக்கள் இருந்தனர் என்பது நாம் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய செய்தி. கம்பெனிப் படையின் தொடக்க காலத்திலேயே பறையர் குல வீரர்கள் கணிசமாகச் சேர்ந்தனர். 1780இல் எழுந்த சென்னை முன்னோடிப் படையிலும் அதன் வழிவந்த சுரங்கப் படையிலும் அவர்கள் நெடுங்காலம் பணியாற்றினர். பாலம் கட்டுவதும், பாதை வெட்டுவதும், கோட்டைச் சுவரைத் தகர்ப்பதும் அவர்கள் தொழில். அப்படையின் வீரரை இன்றும் "தம்பி" என்றே அன்புடன் அழைக்கின்றனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைப் பொறியாளர் படையாக அது இன்றும் விளங்குகிறது.

ஊரில் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கினால் அடி விழும். படையிலோ கணுக்கால் வரை துணி இறங்காவிட்டால் தண்டனை. இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையே ஒரே மனிதன் நடந்து போனான். விடுமுறையில் ஊர் திரும்பிய வீரன் எல்லையில் நின்று எதை நினைத்திருப்பான் என்பதை எந்த அரசாங்க ஆவணமும் எழுதி வைக்கவில்லை. நாம் எண்ணிப் பார்க்கலாம்.

காக்கியின் வேதியியல்

இனி நிறத்திற்கு வருவோம். பிரெஞ்சுப் படை 1829 முதல் சிவப்புக் காற்சட்டை அணிந்தது. மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து அச்சிவப்பு எடுக்கப்பட்டது. அதனைப் பயிரிட்ட தம் நாட்டு உழவர்க்கு உதவுவதும் அரசின் நோக்கங்களுள் ஒன்று. நம் சோழ மண்டலக் கரையில் சாயவேர் எவ்வாறு புகழ் பெற்றிருந்ததோ அவ்வாறே அங்கே அவ்வேர். 1869ஆம் ஆண்டளவில் செர்மானிய வேதியியலார் அச்சிவப்பைச் செயற்கையாக உருவாக்கவே, வேர்ச்சாயத் தொழில் சாய்ந்தது. ஆனால் காற்சட்டையின் சிவப்பு மட்டும் பெருமையின் அடையாளமாக நிலைத்தது. 1914இல் முதலாம் உலகப்போர் மூண்டபோது பிரெஞ்சு வீரர்கள் சிவப்புக் காற்சட்டையோடு களம் புகுந்தனர். நெடுந்தொலைவு சுடும் துப்பாக்கிகளுக்கு அவர்கள் எளிய இலக்காயினர். மாற்று நிறம் சட்டப்படி முடிவாகியும் துணி வந்து சேரவில்லை. பெருமைக்காகப் பூண்ட நிறம் உயிருக்கு உலையானது.

அந்நிறத்திற்கு மாற்றாக உலகப் படைகள் தேடியதை இந்திய மண் முன்னரே தந்திருந்தது. அதுவே காக்கி. "காக்" என்பது பாரசீகத்தில் மண். காக்கி என்றால் மண்ணிறம். 1846இல் பெசாவரில் ஹாரி லம்ஸ்டன் எழுப்பிய வழிகாட்டிப் படை அந்நிறத்தை முதலில் அணிந்ததாக வரலாறு கூறும். 1857 கிளர்ச்சிக் காலத்தில் வெள்ளைக் காற்சட்டை வெயிலில் பளிச்சிட்டு ஆளைக் காட்டிக்கொடுத்ததால், ஆங்கிலேய வீரர்கள் அதனைத் தேநீரிலும் சேற்றிலும் ஊறவைத்து நிறம் மாற்றினர். மங்களூரில் பாசல் மிஷன் நடத்திய நெசவுச்சாலையும் காக்கிச் சாயத்திற்குப் பெயர் பெற்றது. 1885இல் இந்தியாவிலுள்ள படைகள் அனைத்திற்கும் களப்பணியில் காக்கி உரியதாயிற்று.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. நான்கு முறை வெளுத்தால் காக்கி வெளிறிப்போகும். ஒவ்வொரு வீரனின் காலும் ஒவ்வொரு நிறம் காட்டும். இதனைத் தீர்த்தது வேதியியல். இங்கிலாந்தில் கேட்டி என்பவர் 1884இல் உரிமம் பெற்ற முறைப்படி, துணியை இரும்பு உப்பும் குரோமிய உப்பும் கலந்த கரைசலில் நனைத்து உலர்த்திப் பின்னர்க் காரக் கரைசலில் இடுவர். அப்போது அவ்வுப்புகள் இழைக்குள்ளேயே கரையாத ஆக்சைடுகளாக மாறித் தங்கிவிடும். இரும்பு தருவது துருவின் பழுப்பு. குரோமியம் தருவது மங்கிய பச்சை. இரண்டும் சேர்ந்தால் காக்கி. வெள்ளை வேட்டியில் துருக்கறை பட்டால் எத்துணை வெளுத்தாலும் போகாது என்பது நம் தாய்மார்கள் அறிந்த செய்தி. அந்தக் கறையையே சாயமாக மாற்றினான் மனிதன். வேதியியல் பாடம் எதற்கு என்று கேட்கும் மாணவர்க்கு நான் இதனையே எடுத்துக்காட்டுவேன். திருப்பூர்ச் சாயச்சாலையில் தொட்டியைக் கலக்குபவனுக்கும், அத்தொட்டியில் என்ன கலக்க வேண்டும் என்று எழுதித் தருபவனுக்கும் உள்ள இடைவெளி இந்தப் பாடம்தான்.

துணியின் நெசவும் கருதத்தக்கது. காக்கிக் காற்சட்டைத் துணியை டிரில் என்பர். நம் வேட்டித் துணியில் ஊடை ஒரு பாவிழைக்கு மேலும் ஒன்றுக்குக் கீழுமாக மாறி மாறிச் செல்லும். டிரிலில் ஊடை பெரும்பாலும் மூன்று பாவிழைகளின் அடியில் சென்று ஒன்றின்மேல் ஏறும்; அடுத்த வரிசையில் ஓர் இழை தள்ளி ஏறும். அதனால் துணியின் முகத்தில் சாய்கோடுகள் தோன்றும். பாவு நெருங்கி நிற்பதால் முள்ளும் கல்லும் கிழிக்காது. படைவீரனின் காலுக்கும் காவலரின் காலுக்கும் பள்ளிச் சிறுவனின் காலுக்கும் டிரில் ஏற்றதாகியது இதனால்தான்.

கால்பட்டியும் தோலும்

முழங்காலுக்குக் கீழே சுற்றப்பட்ட கால்பட்டியையும் சொல்ல வேண்டும். இமயமலை வாழ் மக்கள் குளிருக்கும் பாம்புக்கும் முள்ளுக்கும் அஞ்சிக் கணுக்கால் முதல் முழங்கால் வரை கம்பளிப் பட்டையைச் சுற்றிக்கொள்வர். "பட்டி" என்னும் அந்த இந்திச் சொல் ஆங்கிலத்தில் "பட்டீ" ஆயிற்று. ஏறத்தாழ ஒன்பதடி நீளமும் நான்கங்குல அகலமும் கொண்ட அப்பட்டை முதலாம் உலகப்போரில் இலட்சக்கணக்கான கால்களைச் சுற்றியது. பருத்தியினும் கம்பளியே இதற்கு ஏற்றது. அது இழுத்தால் நெகிழ்ந்து காலோடு படியும், எளிதில் நழுவாது. எனினும் நீர் நிறைந்த பதுங்குகுழிகளில் இறுக்கிச் சுற்றிய பட்டி குருதியோட்டத்தைத் தடுத்துப் பாதங்களை அழுகச் செய்வதற்கும் துணையாயிற்று.

கால்பட்டிக்குக் கீழே பூட்ஸ். இங்கே நம் மக்களின் உழைப்பு மீண்டும் தென்படுகிறது. அப்போரின்போது பிரிட்டிஷ் படையின் பூட்ஸ்களுக்கு மேற்றோலாகச் சென்னை மாகாணத்தில் பதனிடப்பட்ட மாட்டுத்தோலை அரசே கொள்முதல் செய்து கப்பல் கப்பலாக அனுப்பியது. அத்தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டை. நம் மேட்டு நிலங்களில் மழையை எதிர்பாராமல் பூத்துக் குலுங்குகிறதே, அதே ஆவாரை. கொங்கு நாட்டில் தோலுரித்துப் பறி தைத்தும் செருப்புத் தைத்தும் உழைத்தவர் அருந்ததியர். ஊரார் அனைவர்க்கும் செருப்புத் தைத்துக் கொடுத்த கைகளுக்குரியவர், தாம் தைத்த செருப்பைத் தம் காலில் அணிந்து ஊர்த்தெருவில் நடக்க இயலாமல் கையில் ஏந்திச் சென்றனர். தோலைத் தொட்டால் தீட்டு என்றவர்கள் தோற்செருப்பை மட்டும் தீட்டின்றி அணிந்தனர். இந்த முரண்பாட்டை நம் இளைஞர் சினம் கொள்வதற்காக மட்டும் அறிந்தால் போதாது. ஆராய்வதற்காகவும் அறிய வேண்டும்.

பெரம்பூர் ஆலை

படைக்கு வேண்டிய காக்கி டிரில் எங்கே நெய்யப்பட்டது? பெருமளவில் நம் சென்னையிலேதான். பெரம்பூரில் பின்னி நிறுவனத்தார் நடத்திய பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் எழுந்தவை. அவற்றின் காக்கி சாயம் போகாத காக்கி என்று பெயர் பெற்றது. இரண்டு உலகப் போர்களிலும் படைவீரர்களுக்கும், அமைதிக் காலத்தில் காவலர்களுக்கும் அத்துணி சென்றது.

அந்த ஆலைகளில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெருந்தொகையினர் பணியாற்றினர். 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் முன்னின்று அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கம் இவ்வாலைத் தொழிலாளரை மையமாகக் கொண்டே பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என அது போற்றப்படுகிறது. ஆனால் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஒற்றுமை உடைந்தது. ஆதிதிராவிடர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். அவர்களுக்கும் வேலைநிறுத்தம் செய்த ஏனையோர்க்கும் இடையே மோதல் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. பசியும் கடனும் மிக்க குடிசைவாழ் மக்கள் மாதக்கணக்கில் கூலியின்றி இருக்க இயலாது என்பதை எம். சி. ராஜா எடுத்துரைத்தார். யார் பக்கம் நியாயம் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். நமக்குரிய பாடம் ஒன்று உண்டு: ஒரே தறியில் நின்று ஒரே காக்கியை நெய்தபோதும் சாதி என்னும் ஊடை அறுபடவில்லை. தொழிற்சாலைச் சீருடையோ படைச் சீருடையோ தானாகவே சாதியைத் துடைத்துவிடாது. அந்த ஆலைகள் 1996இல் மூடப்பட்டுவிட்டன.

கதவு அடைக்கப்பட்டது

படை நமக்குத் தந்த காற்சட்டை நிலைத்ததா? இல்லை. 1857க்குப் பின்னர், குறிப்பாக 1880கள் முதல், "போர்க்குடிகள்" என்றொரு கோட்பாடு தலைதூக்கியது. சென்னைப் படையின் தலைவராக 1881 முதல் 1885 வரை இருந்து, பின்பு இந்தியப் படைத்தலைவராக உயர்ந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு உதவார் என்னும் கருத்துடையவர். சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன; சில பெயர் மாற்றம் பெற்றுப் பஞ்சாபியரால் நிரப்பப்பட்டன. மராட்டியத்தில் மகார் மக்களுக்குப் படையின் கதவு 1892ஆம் ஆண்டளவில் அடைக்கப்பட்டது. சென்னைக் காலாட்படையில் எஞ்சியிருந்ததும் 1923க்கும் 1928க்கும் இடையே கலைக்கப்பட்டது. சென்னை முன்னோடிப் படை 1933இல் மறைந்தது. சுரங்கப் படை மட்டுமே தொடர்ந்தது.

போர் வந்தபோது கதவு மறுபடியும் திறந்தது. 1941இல் மகார் படைப்பிரிவு உருவாயிற்று. சென்னைப் படைப்பிரிவும் மீண்டும் எழுந்தது. வட ஆப்பிரிக்கப் பாலையில் காக்கி அரைக்காற்சட்டையும், அதன்கீழ்ப் பாதமற்ற பின்னல் காலுறையும், குட்டைக் கால்பட்டியும் அணிந்தனர். மடித்து மேலே பொத்தானிட்டு, கொசு வரும் மாலையில் அவிழ்த்துக் கீழே விடத்தக்க அகன்ற காற்சட்டை ஒன்றும் இருந்தது; "பம்பாய் பிளூமர்ஸ்" என்று வீரர்கள் அதனைக் கேலி செய்தனர். பர்மாக் காட்டிலோ அட்டையும் கொசுவும் காக்கி அரைக்காற்சட்டையை வென்றன. அங்கே 1943 முதல் பச்சை நிற நீளக் காற்சட்டை வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியப் படை ஒலிவப் பச்சையைத் தனதாக்கிக்கொண்டது. 2022 சனவரி 15ஆம் நாள் படைத்தின அணிவகுப்பில் அறிமுகமான புதிய களச்சீருடையின் துணியில் எழுபது பங்கு பருத்தியும் முப்பது பங்கு பாலியஸ்டரும் உள்ளன. நம் ஆவடியில் 1961இல் தொடங்கிய படைத்துறை உடைத் தொழிற்சாலை இன்றும் சீருடை தைக்கிறது.

இத்தனை மாற்றங்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். சல்லடமா நீளக் காற்சட்டையா, வெள்ளையா நீலமா காக்கியா பச்சையா என்பதை அணிந்தவன் ஒருபோதும் தீர்மானிக்கவில்லை. அணிவித்தவனே தீர்மானித்தான். அணிவித்தவனுக்கு வேண்டியபோது தந்தான், வேண்டாதபோது கழற்றிக்கொண்டான். பட்டாளத்திலிருந்து நீங்கி ஊர் திரும்பிய வீரனுக்கு முழங்காற் கட்டுப்பாடு அங்கேயே காத்திருந்தது.

கழற்ற முடியாதது

எனினும் ஒன்றை மட்டும் அவர்களால் திரும்பப் பெற இயலவில்லை. அதுவே படைப்பள்ளியில் கற்ற எழுத்து.

அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார் மேஜராக உயர்ந்தவர். அவர் படையினர்க்குரிய பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். படைக் குடியிருப்புகளில் வீரர்தம் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் கல்வி கட்டாயமாக இருந்தது. அத்தகைய மவ் என்னும் படைநகரில் 1891 ஏப்ரல் 14ஆம் நாள் அண்ணல் பிறந்தார். அடுத்த ஆண்டளவில் மகார்களுக்குப் படைக் கதவு அடைபட்டது. தந்தையின் சீருடை மகனுக்குக் கிடைக்கவில்லை. தந்தையின் எழுத்து கிடைத்தது. அவ்வெழுத்து மகனைக் கொலம்பியாவுக்கும் இலண்டனுக்கும் கொண்டு சென்றது. நாட்டின் அரசியலமைப்பையே எழுத வைத்தது.

நம் சேரிகளிலும் தெருமுனைகளிலும் நிற்கும் அண்ணலின் சிலைகளைப் பாருங்கள். நீலக் கோட்டு, கணுக்கால் வரை இறங்கும் நீளக் காற்சட்டை, காலில் பூட்ஸ், கையில் புத்தகம். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கலாகாது என்று சொன்ன ஊர்களில் அந்த நீளக் காற்சட்டை நின்று விடை சொல்கிறது. ஆயினும் சிலையைக் கண்டு துணியை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பாராமல் போகிறவர் நம்மிலும் உண்டு. அந்தக் காற்சட்டையை அவருக்கு எந்தப் படைத்தலைவனும் அணிவிக்கவில்லை. அவர் கற்ற கல்வி அணிவித்தது. ஆதலின் எவரும் கழற்றவும் இயலவில்லை.

இன்று நாம் செய்ய வேண்டுவன

இளைஞர்களே, இதுவரை சொன்னது வரலாறு. இனிச் சொல்வது உங்கள் வாழ்க்கை.

காமராசர் காலத்தில் ஏழை, செல்வர் என்னும் வேற்றுமை தோன்றாதிருக்கப் பள்ளிச் சீருடை வந்தது. இன்று அரசு விலையின்றிச் சீருடை வழங்குகிறது. ஈரோடு வட்டாரத்து விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் அத்துணியை நெய்கின்றன. நம் பிள்ளையின் காலிலும், நிலவுடைமையாளர் பிள்ளையின் காலிலும், அரசுப் பள்ளியில் அமர்ந்தால் ஒரே நிறம், ஒரே துணி, ஒரே நீளம். ஊதியத்தில் பிடித்தம் இல்லாமல், உயிர்ப்பலி கேளாமல் வந்த முதற் சீருடை இது. நூறாண்டுகளுக்கு முன் பட்டியலிட்டுத் தடுத்த துணியையும் எழுத்தையும் ஒருசேரத் தருவது இந்த ஒன்றே.

ஆனால் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் அந்தச் சீருடையைக் கழற்றிவிட்டுப் பனியன் கம்பெனி வண்டியில் ஏறும் பிள்ளைகளை நான் என் பணிக்காலம் முழுதும் கண்டுவருகிறேன். வாரக்கூலி கையில் விழும்போது வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதை நான் மறுக்கவில்லை. கடன்பட்ட வீட்டின் துயரம் எனக்குத் தெரியும். ஆயினும் பெற்றோரை வேண்டிக் கேட்கிறேன்: இம்முறை சீருடையைக் கழற்றுவது அணிவித்தவன் அன்று, நாமே. அக்கைகளை நாம் நிறுத்த வேண்டும்.

படையிலும் காவல் துறையிலும் சேர விழையும் இளைஞர் இங்கே பலர் இருக்கிறீர்கள். விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பயிற்சி செய்வதைக் காண்கிறேன். மகிழ்ச்சி. உடல் உரமும் ஒழுங்கும் நம் முன்னோர் சுரங்கப் படையில் காட்டிய சிறப்புகள். ஆனால் நிலைமையை அறிந்து செல்லுங்கள். 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தின்படி படைப்பணி நான்காண்டுகளே; அதன்பின் நால்வரில் ஒருவருக்கு மேல் நிலைத்த பணி உறுதியில்லை. மற்ற மூவர் சீருடையைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவர். அன்று கையில் பட்டமோ தொழிற்படிப்போ இருந்தால் அவர் வீரர். இல்லையேல் வேலை தேடுவோருள் ஒருவர். ஆதலின் ஓட்டத்தோடு படிப்பையும் விடாதீர்கள். சீருடை அணியச் செல்லுங்கள். சீருடைக்கு ஆணையிடும் இடத்திற்கும் செல்லுங்கள். காலுடையின் நிறத்தைத் தீர்மானிக்கும் மேசைக்கு முன்னால் நம்மவர் அமரும் நாளே நமக்குத் திருநாள்.

கழகத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காமல் நம் தெருவிலிருந்து எந்தப் பிள்ளையும் வேலைக்குச் செல்லாதபடி, பள்ளிக்கு வாராத பிள்ளைகளின் பெயரை மாதந்தோறும் ஆசிரியர்களிடம் கேட்டறிந்து வீடு தேடிச் செல்லுங்கள். இரண்டாவது, கழகத்தின் மாலைப் படிப்பகத்தில் போட்டித் தேர்வுகளுக்கும் வேதியியல், இயற்பியல் பாடங்களுக்கும் தனி வகுப்பு நடத்துங்கள். சாயச்சாலையும் நெசவாலையும் நிறைந்த மண்ணில் நம் பிள்ளைகள் கூலியாட்களாக மட்டும் அன்றி வேதியியலாராகவும் பொறியாளராகவும் நுழைய வேண்டும். மூன்றாவது, நம் குடும்பங்களில் படையில் பணிபுரிந்தோரின் விடுவிப்புச் சான்றுகள், பதக்கங்கள், பழைய நிழற்படங்கள் இருப்பின் அவற்றைத் திரட்டிக் கழக நூலகத்தில் காத்து வையுங்கள். மண்பானைக்குள்ளும் கூரை எரவாணத்திலும் செல்லரித்துக் கிடப்பது வெறுந்தாள் அன்று. நம் கால்கள் நடந்து வந்த வழி.

இக்கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளி விழாவுக்குப் பின் பொன்விழா வரும். அந்நாளில் இம்மேடையில் பேசுவோர் இன்று இங்கே தரையில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியராக இருப்பர். அவர்கள் எந்நிறத் துணி உடுத்தியிருப்பர் என்பதை நான் அறியேன். அது அவர்கள் விருப்பம். அந்த விருப்பம் அவர்கள் கையில் இருக்கச் செய்வதே நம் கடமை.